போதும்மா என்று சொன்னேன்

நான் செய்த க்ரீம் வெயிலைத் தடுக்காது என்று தெரிந்த பிறகும் அதை வெயில் காக்கும் க்ரீம் என்று சொல்லி விற்றேன். இந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்ளவே எழுதுகிறேன்.

வீட்டில் சோப்பும் தைலமும் செய்து தெரிந்தவர்களுக்குக் கொடுத்து வந்தேன். ரசாயனம் இல்லாத சன்ஸ்கிரீன் செய்து தரக் கேட்டார்கள். தேங்காய் எண்ணெய், தேன்மெழுகு, சேலத்து மரவள்ளி மாவு, சேர்மானம் இவ்வளவுதான். தடவினால் முகம் பிசுபிசுக்காது, மங்கலாக ஒரு வெள்ளைப் படலம் தெரியும். அந்தப் படலம் வெயிலைத் தடுக்கிறது என்று நம்பினேன்.

பிறகு படித்தேன். மாவு என்பது குளுக்கோஸ் கோத்த சங்கிலி. நம் தோலைச் சுடும் 290 முதல் 400 நானோமீட்டர் வரையிலான புற ஊதாக் கதிரை உறிஞ்சும் அமைப்பு அதில் இல்லை. காய்ந்த மாவு ஒளியைச் சிதறடிப்பதால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.53, தேங்காய் எண்ணெய்க்கு 1.45. இரண்டும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் எண்ணெயில் குழைத்ததும் அந்தச் சிதறலும் பெரும்பாலும் போய்விடும். சன்ஸ்கிரீனில் சேர்க்கும் ஜிங்க் ஆக்சைடுக்கு அந்த எண் ஏறத்தாழ 2. புற ஊதாவை உறிஞ்சவும் அதனால் முடியும்.

மாவுக்கு க்ரீமில் இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சன்ஸ்கிரீனின் காப்புத் திறனைச் சொல்லும் எஸ்பிஎஃப் எண்ணை அளக்கும்போது சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். வீட்டில் யாரும் அவ்வளவு பூசுவதில்லை, பிசுக்கு ஒரு காரணம். மாவு அந்தப் பிசுக்கை எடுத்துவிடுகிறது. அதனால் ஒருவர் தாராளமாகப் பூசினால் நல்லதுதான். ஆனால் வெயிலைத் தடுக்கும் பொருள் வேறொன்று உள்ளே இருக்க வேண்டும். என் க்ரீமில் இல்லை.

தெரிந்த அன்றே நிறுத்தியிருக்க வேண்டும். செய்து வைத்த டப்பாக்கள் இருந்தன, ‘இயற்கை’ என்று கிடைத்த நல்ல பெயரும் இருந்தது. கன்னத்தில் மங்கு உள்ள ஒரு பெண், டாக்டர் எழுதிக்கொடுத்த சன்ஸ்கிரீனை விட்டுவிட்டு என்னிடம் வாங்கிக்கொண்டிருந்தாள். “அக்கா, இதை மட்டும் போட்டா போதும்ல?” என்று கேட்டாள். “போதும்மா” என்றேன். அப்போது எனக்கு எல்லாம் தெரியும்.

வெயில் பட்டால் மங்கு கறுக்கும். கோடை முடிவதற்குள் அவள் கன்னம் இன்னும் கறுத்திருந்தது. “என் உடம்பு வாகு அப்படி” என்று அவளே சமாதானம் சொன்னாள். அதைக் கேட்டும் வாய் திறக்காமல் இருந்தேன். அறியாமல் செய்ததை மன்னிக்கலாம். இந்த மௌனத்துக்கு என்னிடம் எந்தச் சாக்கும் இல்லை.

பிறகு அவளிடம் உண்மையைச் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பணத்தை வாங்கிக்கொண்டாள், எதுவும் பேசவில்லை. கை மாறிப் போன டப்பாக்கள் யாரிடம் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. வைத்திருப்பவர்கள் அதை வெயிலுக்கு நம்பாதீர்கள். எஸ்பிஎஃப் சோதித்த, உரிம எண் அச்சிட்ட க்ரீமை வாங்கிப் பூசுங்கள். மங்கு இருந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.