கேளாத நாதம்



கான்சாபுரத்தில் நம் சபை வாலிபன் ஒருவன், வீட்டிலேயே பேஸ் கிட்டார் வாசித்துப் பதிவு செய்த பாடலை எனக்கு அனுப்பினான். கைபேசியில் கேட்டேன், பேஸ் ஒலிக்கவே இல்லை. "கூட்டி வை, தம்பி" என்று கடிந்துகொண்டேன். "ஹெட்போனில் கேளுங்கள், ஐயா" என்றான். கேட்டேன்; பாடல் முழுவதையும் அதுவே தாங்கிற்று.

பேஸின் தடித்த கம்பி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும்; கைபேசியின் சிறு ஸ்பீக்கருக்கு அது எட்டாது. அவனோ சுருதி சேர்த்து, ஒரே சீரான அழுத்தத்தில் மீட்டி, ஆடியோ இன்டர்பேஸில் நேரடியாக இணைத்துப் பதிவு செய்திருந்தான். மேலும் கூட்டியிருந்தால் பிசிறடித்திருக்கும். குறை என் கருவியில்தான் இருந்தது. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அதிகாலையில் ஆலயத்தைப் பெருக்குகிறவரும், மறைவில் ஜெபிக்கிறவரும் நம் செவிக்கு எட்டுவதில்லை. சபையைத் தாங்குகிறவர்கள் அவர்களே. 1 கொரிந்தியர் 12ஆம் அதிகாரத்தை வாசித்து, அவர்களில் ஒருவருக்காகிலும் இவ்வாரம் நன்றி சொல்லுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.