புலவர் கண்ட நாரை

மதுரையின் வாடைக் குளிரில் போர்வையின்றி நடுங்கிய சத்திமுத்தப் புலவர், வானில் போன நாரையைக் கூப்பிட்டு ஊரிலிருக்கும் மனைவிக்குச் சேதி சொல்லி அனுப்பினார். அந்தத் துயரம் தமிழர் அறிந்தது. பறவை நோக்குவோருக்கு அந்தப் பாட்டில் இன்னொரு கேள்வியும் உண்டு: அது எந்த நாரை?

புலவர் தந்திருக்கும் அடையாளங்கள் தாராளம். கால் சிவப்பு, அலகு கூரியது, பவள நிறம், பிளந்த பனங்கிழங்கின் வடிவம். நாரை அலகுக்கு உவமை தேடித் தவித்துக்கொண்டிருந்த பாண்டியன் காதில் இது விழுந்ததாகக் கதை. அவித்த பனங்கிழங்கை நீளவாக்கில் பிளந்து தின்றவர்களுக்கு அவன் ஏன் சொக்கிப்போனான் என்பது விளங்கும். அடி பருத்து நுனி சிறுத்த இரண்டு பாதிகள், மேலலகும் கீழலகுமாகவே கையில் நிற்கும்.

மஞ்சள் மூக்கு நாரையின் அலகு பெயருக்கேற்ற நிறம், நுனியும் சற்றுக் கீழே வளைந்தது. நத்தைகுத்தி நாரையின் அலகோ மூடினாலும் நடுவே இடைவெளி விடும். மிஞ்சுவது செங்கால் நாரை: வெள்ளை உடல், இறக்கையில் கறுப்பு, நேரான சிவந்த அலகு. நடு ஆசியாவில் கூடு கட்டும் இந்த நாரைகள் குளிர்காலத்தில் இந்தியாவுக்கு வருகின்றன. புலவர் நடுங்கிய பருவமும் பொருந்துவதால், அவர் கண்டது இதுதான் என்றே சொல்லத் தோன்றுகிறது.

பாட்டின் நாரை குமரியில் நீராடி வடக்கே திரும்புகிறது. ஐரோப்பாவிலோ, குளிர்காலத்தில் நாரைகள் எங்கே மறைகின்றன என்ற சர்ச்சை நெடுநாள் நீடித்தது. 1822-இல் ஜெர்மனியின் கிளூட்ஸ் அருகே சுடப்பட்ட ஒரு செங்கால் நாரையின் கழுத்தில் ஆப்பிரிக்க ஈட்டி பாய்ந்து நின்றது. அந்த ஈட்டியோடேயே அது பறந்து வந்திருந்தது! பாடம் செய்யப்பட்ட அதன் உடல் ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

களத்தில் காலின் நிறத்தை மட்டும் நம்ப முடியாது. வெயிலில் சூடு தணிக்க நாரைகள் தங்கள் கால்மேலேயே எச்சமிடும், சிவப்பு வெளுத்துப்போகும். தொலைவில் நிற்கும் நத்தைகுத்தியும் வெள்ளையும் கறுப்புமாகத் தெரிந்து ஏமாற்றும். அப்போது அது நிற்கும் நிலத்தைப் பார்க்க வேண்டும். நத்தைகுத்திக்கு நத்தை கிடைக்கும் நெல்வயலும் ஏரியும் வேண்டும். மஞ்சள் மூக்கு நாரை ஆழமில்லாத நீரில் அலகைத் திறந்து துழாவி மீன் பிடிக்கும். செங்கால் நாரை ஈரப் புல்வெளியிலும் உழுத நிலத்திலும் நடந்து வெட்டுக்கிளி, தவளை பொறுக்கும்.

குளத்தைக் காக்கிறோம் என்று கரையோடு நின்றுவிடுவது இந்தப் பறவைக்குப் போதாது. குளத்தை ஒட்டிய மேய்ச்சல் புறம்போக்கும் அறுவடை முடிந்த வயலும் அதற்கு வேண்டும்.