குடலும், வைரஸும், ஒரு அம்மாவோட கேள்வியும்

வைரஸ்னாலே சளி, காய்ச்சல்தான் ஞாபகம் வரும். ஆனா நம்ம குடல்ல இருக்கற வைரஸ்கள்ல பெரும்பாலானது நம்மளத் தொடறதே இல்லை. அங்க வாழற பாக்டீரியாவைத்தான் தாக்கும். பேரு பாக்டீரியோஃபேஜ். 2015ல 'செல்' இதழ்ல வந்த ஆய்வுப்படி, கிரோன் மாதிரியான குடல் அழற்சி வந்தவங்ககிட்ட இந்த ஃபேஜ் வகைகள் கூடியிருக்கு, பாக்டீரியா வகைகள் குறைஞ்சிருக்கு. இது நோய்க்குக் காரணமா, நோயோட விளைவா? இன்னும் முடிவாகலை.

நண்பரோட பையனுக்கு 11 வயசுல கிரோன். வயித்துவலி, பேதி, உயரமும் ஏறலை. "என் சமையல்தான் காரணமா?"ன்னு அவங்கம்மா அழுதாங்க.

அண்ணி, மரபணு, நோய் எதிர்ப்பு சக்தி, கோடானுகோடி நுண்ணுயிர்கள்னு இத்தனை பேர் சம்பந்தப்பட்ட வழக்கு இது. உங்க ரசத்தை மட்டும் கூண்டுல ஏத்தாதீங்க.