மூன்று வேலைகள்

எழுத்தாளன் சோற்றுக்காக வேறு வேலை பார்ப்பதைப்பற்றி நம்மிடையே புலம்பல் அதிகம், யோசனை குறைவு. வேலை நேரத்தைத் தின்றுவிடுகிறது என்பதுதான் எல்லோரும் சொல்வது. நேரம் ஒரு பிரச்னை என்பதை நான் மறுக்கவில்லை. பாங்க் கவுண்டரில் நகைக்கடன் விண்ணப்பங்களோடு உட்கார்ந்திருந்து, காஷ் டாலியாகாத நாட்களில் இரவு எட்டு மணிக்கு பஸ் பிடிக்கிறவனுக்கு அது தெரியாமல் இராது. ஆனால் எல்லா வேலைகளும் நம்மிடமிருந்து ஒரே பொருளை எடுத்துக்கொள்வதில்லை. சில வேலைகள் நேரத்தை எடுக்கின்றன; சில, பாஷையை. இந்த வித்தியாசத்தைப்பற்றித் தீவிரமாக யோசிக்கும்படி செய்தவர் ஒரு நண்பர்.

நண்பர் கவிஞர். ஒரு வானொலி நிலையத்தில் பகுதிநேர அறிவிப்பாளர். பஸ் ஸ்டாண்டுக்கு அருகில் ஒரு ஜெராக்ஸ் கடையும் வைத்திருக்கிறார். பகலில் அவர் மனைவி பார்த்துக்கொள்கிறார், மாலையில் இவர். முதல் தொகுப்பு வந்து பத்து வருஷமாகிறது. இரண்டாவதற்கான கையெழுத்துப் பிரதியை என்னிடம் தந்தபோது கூடவே கடையின் வரவுசெலவு நோட்டையும் தந்தார். "கணக்குப் பாக்கறவன் நீதானே. எதை விடலாம்னு நீயே சொல்லு" என்றார். கடையை மூடுவதா, ரேடியோவை விடுவதா என்பது அவர் கேள்வி. கவிதையை விட்டுவிடுவது என்ற மூன்றாவது சாத்தியத்தை அவர் வாயால் சொல்லவில்லை.

பிரதியைப் படித்தேன். முதல் தொகுப்பில் வரிகள் தடுக்கும். எங்கே நிற்கின்றன என்று தெரியாமல் திரும்பப் படிக்க வேண்டியிருக்கும். அந்தத் தடுக்கலில்தான் அவருடைய அனுபவம் இருந்தது. இப்போது எல்லாம் சரளமாக ஓடுகிறது. ஒவ்வொரு கவிதையும் ஒரு நிமிஷத்துக்குள் முடிகிறது. கடைசி வரியில் குரல் இறங்கி, நேயர்களிடம் விடைபெறுகிறது. ஒரு நிகழ்ச்சி முன்கூட்டியே முடிந்துவிட்டால் மிச்சமிருக்கும் வினாடிகளை அறிவிப்பாளன் பேச்சால் நிரப்பியாக வேண்டும். மௌனம் அங்கே தொழில் குற்றம். மௌனத்தை நம்பி எழுதிய ஒருவர் அதை நிரப்புவதையே பிழைப்பாக்கிக்கொண்டிருந்தார்.

கடை, வானொலி, எழுத்து மூன்றையும் வாழ்க்கையின் வெவ்வேறு கட்டங்களில் செய்து பார்த்தவர் ஜார்ஜ் ஆர்வெல். 1936 ஏப்ரலில் அவர் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் வாலிங்டன் என்ற சிறு கிராமத்தில், வாரம் ஏழரை ஷில்லிங் வாடகைக்கு ஒரு பழைய வீட்டில் குடியேறினார். முன்பு ஊருக்குக் கடையாக இருந்த வீடு அது. முன்னறையில் மறுபடியும் கடை போட்டார். பன்றிக்கறி சீவும் இயந்திரம், சர்க்கரை, குழந்தைகளுக்கு மிட்டாய். கொல்லையில் கோழியும் ஆடும். லாபம் வாடகையைக் கட்டினால் போதும் என்பதுதான் கணக்கு. அங்கே இருந்துகொண்டுதான் வீகன் பகுதிச் சுரங்கத் தொழிலாளர்களைப்பற்றிய புத்தகத்தை எழுதினார். 1937 மேயில் ஸ்பெயினில் தொண்டையில் குண்டு பாய்ந்து, பிழைத்துத் திரும்பி, அந்த யுத்தத்தைப்பற்றிய புத்தகத்தை எழுதியதும் அங்கேதான். மிட்டாய்க்கு வரும் குழந்தை அவரைப் பாதி வாக்கியத்தில் எழுப்பியிருக்கும். ஆனால் மீதி வாக்கியம் எப்படி இருக்க வேண்டும் என்று அந்தக் குழந்தை சொல்லவில்லை.

1941 ஆகஸ்டில் அவர் பி.பி.ஸி.யின் கீழ்த்திசைப் பிரிவில், இந்தியாவுக்கான ஒலிபரப்பில் சேர்ந்தார். ஆண்டுக்கு 640 பவுன் சம்பளம். வாரந்தோறும் யுத்த விமர்சனம் எழுதினார். ஆங்கிலத்தில் வாசிக்க மட்டுமல்ல, மராத்தி, குஜராத்தி, வங்காளி, தமிழ் ஆகியவற்றில் மொழிபெயர்த்து வாசிக்கவும் எழுதிக்கொடுத்தார். தமிழில் ஒலித்த அந்த உரைகளைக் கேட்டவர்கள் எழுதியவர் யாரென்று அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஒவ்வொரு பிரதியும் தணிக்கையைத் தாண்டித்தான் மைக்ரோஃபோனுக்குப் போயிற்று.

1942ல் ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை 'வாய்ஸ்' என்ற பெயரில் அவர் வானொலியில் ஒரு சிறு பத்திரிகையே நடத்தினார். ஆறு 'இதழ்கள்'. காகிதப் பஞ்சக் காலத்தில் காகிதமே வேண்டாத பத்திரிகை. அதன் பங்கேற்பாளர்கள் மைக்கைச் சுற்றி இருக்கும் புகைப்படம் ஒன்று உண்டு. எலியட், எம்ப்ஸன், முல்க் ராஜ் ஆனந்த், ஜமைக்காவின் ஊனா மார்சன் ஆகியோருடன், 'பொயட்ரி லண்டன்' பத்திரிகையை 1939ல் துவக்கிய இலங்கைத் தமிழர் தம்பிமுத்துவும் அதில் இருக்கிறார். சிறு பத்திரிகைக்காரர்களான நமக்கு அதன் வாசகர் எண்ணிக்கை ஆச்சரியம் தராது. இந்தியாவில் ரேடியோ பெட்டி வைத்திருந்தவர்கள் சிலர். அவர்களில் கடல் கடந்து வரும் கவிதை விவாதத்துக்காகக் காத்திருந்தவர்கள் எத்தனை பேர்?

பலனில்லாத வேலையில் தன் காலமும் பொதுப்பணமும் வீணாகின்றன என்று எழுதிக்கொடுத்து, 1943 நவம்பரில் ஆர்வெல் விலகினார். அந்த இரண்டேகால் வருஷத்தில் நாவல் எதுவும் எழுதவில்லை. விலகிய கையோடு 'விலங்குப் பண்ணை'யைத் துவக்கி 1944 பிப்ரவரிக்குள் முடித்துவிட்டார்.

வானொலியை விடு, கடையை வைத்துக்கொள் என்ற பாடம் இதிலிருந்து சுலபமாகக் கிடைக்கிறது. அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதாலேயே அதை நான் நம்பவில்லை. 1949ல் வெளிவந்த '1984' நாவலைத் திறந்தால் பி.பி.ஸி. அங்கே உட்கார்ந்திருக்கிறது. உண்மை அமைச்சகத்தின் காண்டீனில் அவர் சாப்பிட்ட காண்டீனின் வாடை அடிக்கிறது. கீழ்த்திசைப் பிரிவின் கமிட்டி கூடிய அறையின் எண்தான் நாவலின் 101 என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இவை மேலோட்டமான ஒற்றுமைகள். சொற்களை வெட்டி வெட்டி மனிதனின் யோசனையையே குறுக்கும் ஒரு பாஷையை, தன் வாக்கியங்களைத் தினமும் முத்திரைக்காக நீட்டிக்கொண்டு நின்ற ஒருவரால்தான் அவ்வளவு துல்லியமாகக் கற்பனை செய்ய முடிந்தது. வாலிங்டன் கடை வாடகையைக் கொடுத்தது. தாங்க முடியாமல் விட்டுவந்த வேலை அவருக்கு விஷயத்தைக் கொடுத்தது. பாஷை தன்னிடமிருந்து எடுக்கப்படுவதை அவர் கவனித்துக்கொண்டே இருந்தார் என்பது இங்கே முக்கியம்.

விடாமல் இருந்தவர்களும் உண்டு. லூயி மக்நீஸ் 1941ல் பி.பி.ஸி.யில் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்தார். நடுவில் நீண்ட, தளர்ந்த கவிதைகள் வந்தன. 1961ல் பாதி நேர ஊழியராக மாறினார். கடைசித் தொகுப்புகளில் கவிதை இறுகித் திரும்பி வந்தது. 1963ல் தன் வானொலி நாடகத்துக்காக யார்க்ஷயர் குகைகளில் ஒலிப்பதிவுக்குப் போய், நனைந்து, நிமோனியா கண்டு செப்டம்பரில் இறந்தார். கடைசித் தொகுப்பு அதற்குப் பிறகு சில நாட்களில் வெளியாயிற்று. நம்மில் தி. ஜானகிராமன் வானொலியில் கல்வி ஒலிபரப்பைக் கவனித்துக்கொண்டேதான் நாவல்கள் எழுதினார். காதால் எழுதிய அவருக்கு அந்த வேலை பெரிய கெடுதல் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆகவே வானொலி எழுத்தைக் கொல்லும் என்று பொதுவாக அடித்துச் சொல்வது விமர்சனமாகாது.

பாங்க் குமாஸ்தாக்களான எங்களுக்கு இதில் ஒரு ரகசியப் பெருமை உண்டு. எலியட் 1917 முதல் 1925 வரை லாயிட்ஸ் பாங்கில் இருந்தார், 'வேஸ்ட் லாண்ட்' அந்த வருஷங்களில்தான் எழுதப்பட்டது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். லெட்ஜர் நம் பாஷையைத் தொடுவதில்லை என்பது இதன் உட்பொருள். தொடுவதில்லை, உண்மைதான். ஆனால் லாக்கரில் வைத்த நகையை யாரும் தொடுவதில்லை என்பதால் அதன் மாற்று கூடிவிடுவதில்லை. தினமும் தன் சொற்களை வாடகைக்கு விடுகிற நண்பருக்கு, அவை தேய்கின்றனவா என்று பார்க்கும் கட்டாயமாவது இருக்கிறது. அந்தக் கட்டாயம் எனக்கு இல்லை.

நண்பரிடம் சொன்னது இதுதான். கடை நோட்டின்படி ஜெராக்ஸ் மெஷினின் தவணை போக வீட்டு வாடகையும் குழந்தையின் பள்ளிக்கூடச் சம்பளமும் தேறுகின்றன, கடை இருக்கட்டும். ரேடியோவை விடுவதா என்பதை இன்றைக்கே தீர்மானிக்க வேண்டியதில்லை. பிரதியில் மைக்குக்கு முன் வாசிக்கவே முடியாத கவிதைகள் மூன்று இருக்கின்றன. ஒன்றில், அப்பாவின் ஆஸ்பத்திரிக் கட்டிலைப்பற்றியதில், நாலாவது வரிக்குப் பிறகு சொல்லே இல்லாமல் ஒரு இடம் நிற்கிறது. அந்த மூன்றையும் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒதுக்கிவிட வேண்டும். அடுத்த வருஷம் அந்த மூன்று பத்தானால் வேலையில் இருக்கலாம். மூன்றே நின்றால் ராஜினாமாவை எழுத வேண்டியதுதான்.

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. நாற்பது கவிதையில் மூன்று என்பது எந்தக் கவிஞனுக்கும் நல்ல வட்டி அல்ல. நோட்டையும் பிரதியையும் ஒரே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். இன்னும் பதில் இல்லை.