காம்பஸ் பக்கத்தில் வைத்த பெட்டி

எங்கள் படகு திசை தவறிய இரவில் சுக்கான் பிடித்தவர் சித்தப்பா. அவருக்குக் கண் மங்கிவிட்டது என்று ஊர் சொல்கிறது. அது பொய். அந்தப் பொய்யை நான் கிளப்பவில்லை. ஆனால் உண்மை தெரிந்தும் வாய் திறக்கவில்லை.

எங்களுடையது நாகப்பட்டினத்து ஃபைபர் படகு. ஹேண்டில் சுற்றிக் கிளப்பும் டீசல் எஞ்சின். ஓடும்போது அது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றாது. கரையில் சார்ஜ் போட்டு எடுத்துப் போகும் ஒரே 12 வோல்ட் பேட்டரிதான் விளக்கு, வயர்லெஸ், ஜிபிஎஸ், கைப்பேசி அத்தனைக்கும். அதில் ஒரு சின்ன ரேடியோவும் பாடிக்கொண்டிருந்தது. எனக்கு அது போதவில்லை. பக்கத்துப் படகின் பாட்டு கரை வரை அதிர்ந்தது. அதைவிட எங்கள் படகு அதிர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பொறாமைதான், வேறொன்றுமில்லை. 400 வாட் ஆம்ப் வாங்கினேன். முழுச் சத்தத்தில் அது 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் என்று கடைக்காரர் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

பெரிய ஸ்பீக்கரைக் காம்பஸ் இருந்த பலகையிலேயே திருகினேன். அங்கேதான் தண்ணீர் படாது.

"அந்தப் பெட்டிய அங்க வைக்காதடா. உள்ள காந்தம் இருக்கு" என்றார் சித்தப்பா.

"ஜிபிஎஸ் இருக்கு சித்தப்பா. காம்பஸ யாரு பாக்குறா?" என்றேன். பையன்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தது எனக்குப் பிடித்திருந்தது.

காந்தத்தை இரண்டு மடங்கு தள்ளி வைத்தால் அதன் இழுப்பு எட்டில் ஒன்றாகிவிடும். ஒரு முழம் தள்ளியிருந்தாலே பெரும்பகுதி பிசகு போயிருக்கும். அந்த ஒரு முழத்தைக்கூட நான் தரவில்லை.

அது வாடைக் காலம். வலை விட்டுவிட்டுப் பாட்டுப் போட்டேன். விளக்கு மங்கியது. நிறுத்தச் சொன்னார்கள். இன்னும் ஒரு பாட்டு என்றேன். பிறகு ஜிபிஎஸ் அணைந்தது. வயர்லெஸும் செத்தது. வானம் மூடி, ஒரு நட்சத்திரம் இல்லை. டார்ச் வெளிச்சத்தில் காம்பஸைப் பார்த்தே சித்தப்பா மேற்கே பிடித்தார். காம்பஸ் காட்டிய மேற்கு உண்மையான மேற்கு அல்ல. நீரோட்டமும் தெற்கே தள்ளியது. விடியும்போது வேளாங்கண்ணியைத் தாண்டிக் கீழே கிடந்தோம். டீசல் தீர்ந்துவிட்டது. அலை எங்களைக் கரையில் அடித்துக் கவிழ்த்தது. வலை போயிற்று. உடன் வந்த பையனுக்குக் கை ஒடிந்தது.

படகை மீட்ட பிறகு, ஆள் இல்லாத நேரத்தில் ஸ்பீக்கரைக் கழற்றினேன். என் கண் முன்னாலேயே முள் திரும்பியது. சுமார் 20 பாகை. ஒரு பாகை பிசகினாலே 60 கடல் மைலுக்கு ஒரு மைல் விலகிப்போகும். கணக்குப் போட எனக்குத் தெரியும். போட்டேன். பெட்டியைச் சாக்கில் கட்டி விற்றேன். பேட்டரி பழசு என்று எல்லாரிடமும் சொன்னேன்.

சித்தப்பா அதன்பின் கடலுக்குப் போகவில்லை. போகாதீர்கள் என்று யாரும் தடுக்கவில்லை. எவரும் அவரைத் தங்கள் படகுக்குக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். அவர் நட்சத்திரம் பார்த்துக் கரை சேர்த்த இரவுகளில் நானும் அந்தப் படகில் இருந்திருக்கிறேன். அப்படிப்பட்டவரைக் குருடன் என்று பேசவிட்டேன்.

இதை அவரிடமும் ஊர்ப் பஞ்சாயத்திலும் சொல்லப் போகிறேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வலையின் விலையையும் பையனின் வைத்தியச் செலவையும் பொதுக் கணக்கில் கழித்தோம். சித்தப்பாவின் பங்கிலிருந்தும் பணம் போனது. அந்தக் கணக்கை எழுதியவன் நான்.