பாதியில் நிறுத்தும் வேலை

ட்ராமா பக்கம் புதிதாக வரும் பிஜி மாணவர்கள் கைவேகத்தைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். வேகமாகத் தைப்பது இரண்டு வருஷத்தில் கைக்கு வந்துவிடும். தைக்காமல் வெளியே வரத்தான் நாளாகும். நான் இந்த வேலையிலேயே முடி நரைத்தவன். கல்லீரல் காயத்தை மட்டும் வைத்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பைக்கின் ஹேண்டில்பார் வலது விலாவுக்குக் கீழே குத்தியிருக்கும். வெளியே சின்னச் சிராய்ப்புதான். பிரஷர் நிலையாக இருந்தால் சிடி எடுத்து, படுக்க வைத்து, நாடித்துடிப்பையும் ஹீமோகுளோபினையும் கவனித்தாலே போதும். இப்போது பெரும்பாலான கல்லீரல் காயங்கள் கத்தி படாமலே ஆறுகின்றன. பிரஷர் 80-க்குக் கீழே போய், ஃபாஸ்ட் ஸ்கேனில் வயிறு முழுக்க ரத்தம் தெரிந்தால் சிடி கிடையாது. நேரே தியேட்டர்.

நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புளுக்குக் கீழே வரை ஒரே கோடு. திறந்ததும் ரத்தம் பொங்கும். புதியவர்களின் கை தானாக ரத்தம் உறிஞ்சும் சக்கர் குழாயைத் தேடும். அது கட்டிகளில் அடைத்துக்கொள்ளும். கட்டிகளைக் கையால் அள்ளிப் போட்டுவிட்டு, வயிற்றின் நான்கு மூலையிலும் மாப் (ரத்தம் உறிஞ்சும் பெரிய துணி) வைக்க வேண்டும்.

எங்கள் சீஃப் இந்த இடத்தில் செய்வதைப் பார்த்தால் ஒன்றுமே செய்யாததுபோலத் தோன்றும். கிழிந்த கல்லீரலை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே சேர்த்துப் பிடித்து, முதுகுப் பக்கமாக அழுத்திக்கொண்டு நிற்பார். கண் மயக்க மருத்துவர் மேல் இருக்கும். 'நீங்க ரத்தம் ஏத்துங்க, நான் பிடிச்சுக்கறேன்' என்பார். ஊசியை எடுத்து நீட்டும் மாணவனைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ரத்தமும் பிளாஸ்மாவும் பிளேட்லெட்டும் சம அளவில் ஏறி, பிரஷர் மேலே வந்த பிறகுதான் கையைத் தளர்த்துவார்.

அதற்குப் பிறகும் கசிந்தால் பிரிங்கிள். கிளாஸ்கோவில் பிரிங்கிள் என்ற சர்ஜன் 1908-இல் எழுதிவைத்த வழி: கல்லீரலுக்குப் போகும் தமனியும் போர்ட்டல் சிரையும் பித்தக்குழாயும் சேர்ந்து வரும் தண்டை விரல்களுக்கு நடுவே நெரிப்பது. இடது ஆள்காட்டி விரல் பின்னால், கட்டைவிரல் முன்னால். ரத்தம் நின்றால் நல்லது. நிற்காமல் பின்னாலிருந்து கருரத்தம் ஊறினால், காயம் கல்லீரல் சிரையிலோ அதற்குப் பின்னால் ஓடும் பெருஞ்சிரையிலோ இருக்கிறது. அப்போது 'எங்கே என்று பார்ப்போம்' என்று கல்லீரலைத் தூக்கக் கூடாது. அழுத்தத்தால் அடங்கிக் கிடப்பதை நாமே அவிழ்த்துவிட்டதாகும்.

மாப் வைப்பதில்தான் கைப்பக்குவம். கிழிசலுக்குள் திணித்தால் அது இன்னும் விரியும். விரிசல் விட்ட பானையைச் சுற்றி வைக்கோல் அணைப்பதுபோல, மடித்த மாப்பை மேலேயும் கீழேயும் வைத்துக் கல்லீரலைப் பழைய உருவத்துக்குக் கொண்டுவர வேண்டும். அளவு மிஞ்சினாலும் ஆபத்து: பெருஞ்சிரை நசுங்கி இதயத்துக்கு ரத்தம் திரும்பாது. வைத்த கையோடு பிரஷர் இறங்கினால் ஒரு மாப்பை உருவு. எத்தனை உள்ளே இருக்கிறது என்று சிஸ்டர் சொல்வதுதான் கணக்கு. அது போர்டிலும் கேஸ் ஷீட்டிலும் ஏற வேண்டும்.

இங்கேதான் நிறுத்த வேண்டும். குடல் கிழிந்திருந்தால் இரு முனையையும் கட்டிவிடு, இன்றைக்கு இணைக்காதே. உடல் சூடு 35 டிகிரிக்குக் கீழே போனால் ரத்தம் உறைய மறுக்கும். அமிலம் கூடினால் இன்னும் மோசம். ஊசி போட்ட துளையெல்லாம் கசிவதைக் கண்ட பிறகு நிறுத்துவது தாமதம். ஏசியை அணைக்கச் சொன்னால் முகம் சுளிக்கும் உதவியாளர்களை நிறைய பார்த்திருக்கிறேன். வியர்க்கட்டும். வயிறு திறந்து கிடப்பவனுக்கு அந்த வெக்கை வேண்டும்.

இப்படிப் பாதியில் நிறுத்துவது ஒரு காலத்தில் தோற்றுப்போனவன் செய்கிற வேலையாகக் கருதப்பட்டது. அட்லாண்டாவில் ஸ்டோன் என்பவர் 1983-இல் கணக்குக் காட்டினார்: ரத்தம் உறையாமல் போன நிலையிலும் முழு ஆபரேஷனை முடித்த 14 பேரில் ஒருவர்தான் பிழைத்தார், பாதியில் நிறுத்திய 17 பேரில் 11 பேர் பிழைத்தார்கள். பத்து வருஷம் கழித்துக் கடற்படையிலிருந்து 'டேமேஜ் கன்ட்ரோல்' என்ற பெயரும் வந்து சேர்ந்தது. பெயர் வந்தபின் அதே வேலையைச் செய்ய யாருக்கும் கூச்சமில்லை.

வீங்கிய குடலின் மேல் வயிற்றை இழுத்து மூடக் கூடாது. பொகோட்டாவில் போர்ராயேஸ் என்ற டாக்டர் 1984-இல் சலைன் பையை வெட்டி, திறந்த வயிற்றின் மேல் தைத்துக் காட்டினார். நமக்கு யூரோபேக்கும் (சிறுநீர்ப் பை) போதும். ஸ்டெரைலாக இருக்க வேண்டும், முனைகளை வளைத்து வெட்ட வேண்டும். தோலோடு மட்டும் தை. உள்ளே இருக்கும் ஃபேஷியா என்ற உறுதியான உறை பின்னால் மூடுவதற்குத் தேவை, அதைக் கிழித்து வைக்காதே.

வெளியே ஓர் அம்மா நிற்பார். 'ஆபரேஷன் முடிஞ்சுதாய்யா?' 'பாதி முடிஞ்சிருக்கும்மா. ரத்தம் நின்னிருக்கு. உடம்பு சூடாகட்டும், மறுபடி உள்ளே கூட்டிட்டுப் போறோம்.' இதைச் சொல்லவும் பழக வேண்டும். வயிற்றில் பிளாஸ்டிக் பையோடு மகனை ஐசியூவில் பார்க்கப் போகிறவர் அவர். முன்கூட்டியே சொல்லாவிட்டால், நாம் கைவிட்டுவிட்டோம் என்றுதான் நினைப்பார். தமிழ்நாட்டில் 2021 முதல், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசுத் திட்டம் இருக்கிறது. எங்கள் இரண்டாவது ஆபரேஷனும் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்ளேயே வந்துவிடும் என்பதால், பணப் பேச்சில்லாமல் மருத்துவத்தை மட்டும் பேச முடிகிறது.

இரண்டாம் முறை திறக்கும்போது அவசரமே கூடாது. வெதுவெதுப்பான சலைனை ஊற்றி மாப்பை நன்றாக ஊறவிடு. காய்ந்ததை இழுத்தால் உறைந்த கட்டியும் கூடவே வரும். ஒவ்வொன்றாக, ஓரத்திலிருந்து உரி. கசிந்தால் திரும்ப வைத்துவிட்டு இன்னொரு நாள் வா. கசிவே இல்லையென்றால் குடலை இணைத்து, மாப் எண்ணி, ஒரு எக்ஸ்ரேயும் எடுத்துவிட்டு மூடு. கணக்குச் சரியாக வந்தாலும் எக்ஸ்ரே எடு. முந்தைய கணக்கை எழுதியவர் விடியற்காலை மூன்று மணிக்கு எழுதியிருப்பார்.