சேலத்துச் செவிக்கு எட்டும் அரபிசை

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு இன்றும் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். டி.ஆர். சுந்தரத்தின் அந்நிறுவனம் 1956-இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' என்னும் வண்ணப்படத்தை வெளியிட்டது. தமிழரில் பலருக்கு அரபிசை என்றவுடன் நினைவில் எழுவது இத்தகைய படங்களின் பாட்டுகளே. அவற்றைக் குறை கூற வரவில்லை. எனினும் அது ஒப்பனையிட்ட அரபகம்.

அதே சேலத்தில், திருமணிமுத்தாற்றங்கரை ஜாமிஆ பள்ளிவாசலருகே பாங்கு வேளையில் நின்று பாருங்கள். ஒப்பனையில்லாத அரபகம் கேட்கும். பாங்கையும் கிராஅத்தையும் நாம் இசை என்று சொல்வதில்லை. அங்கே தஜ்வீதுக்கே முதலிடம். ஆயினும் குரல் செல்லும் வழிக்கு அரபியர் 'மகாம்' என்று பெயரிட்டனர். நம் இராகத்தை ஒத்தது. மக்காவின் பாங்கில் பெரிதும் ஒலிக்கும் ஹிஜாஸ் மகாமின் கீழ் நான்கு சுரங்கள் மாயாமாளவகௌளையின் ச ரி க ம-வே. கர்நாடக இசை பயிலும் பிள்ளையின் முதற்பாடம் அந்த இராகந்தான். பாங்கோசை இந்த மண்ணின் செவிக்கு அந்நியமாகப் படாததற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

பயாத்தீ வேறு வகை. எகிப்தியக் காரிகள் ஓதலைத் தொடங்குவதும் முடிப்பதும் பெரும்பாலும் இதில்தான்; நம் வீடுகளில் ஒலித்த அப்துல் பாஸித் அவர்களின் கேசட்டுகளை நினைவுகூருங்கள். இதன் இரண்டாம் சுரம் சுத்த ரிஷபத்துக்கும் சதுசுருதி ரிஷபத்துக்கும் நடுவே நிற்கும். ஆர்மோனியத்தில் அதற்குக் கட்டையே இல்லை! இத்தகைய நடுச்சுரம் ஒன்று, 8-ஆம் நூற்றாண்டு பாக்தாதின் ஊத் என்னும் நரம்பு வாத்தியக் கலைஞர் ஸல்ஸலின் பெயராலேயே வழங்கிற்று. 10-ஆம் நூற்றாண்டில் ஃபாராபி தம் இசைப் பெருநூலில் அதை அளந்து எழுதினார். 1932-இல் கெய்ரோவில் கூடிய அரபிசை மாநாட்டில் இச்சுரங்களை 24 சமபாகங்களில் அடக்கலாமா, பியானோவை ஏற்கலாமா என்று கடும் விவாதம் நடந்தது.

சேலத்திலிருந்து இராசிபுரம் வழியாக நாமக்கல் செல்லும் சமவெளியில் சுபுஹு நேரத்துப் பயணம் வாய்த்தால், ஊருக்கு ஊர் பாங்கின் நடையைக் கவனியுங்கள். இளைஞர் பலர் ஹரம் ஷரீபின் ஒலிப்பதிவை அப்படியே பின்பற்றுகின்றனர், இனிமைதான். முதிய மோதினார் சிலரோ தம் உஸ்தாத் வாய்வழி தந்த நடையில், உறக்கத்தினும் தொழுகை மேலென அழைக்கும் இடத்தில், எந்தக் கட்டையிலும் அகப்படாத ஒரு சுரத்தில் குரலை நிறுத்துகின்றனர். அந்நடை எங்கும் எழுதி வைக்கப்பட்டதன்று. உங்கள் மஹல்லாவில் அத்தகைய மோதினார் இருந்தால், அவர் அனுமதியுடன் கைப்பேசியில் ஒருமுறை பதிந்து வையுங்கள்.